குறுக்கே படுத்த எஞ்சின்

“ராஜா சொன்னதைச் செய், நினைத்ததைச் செய்யப் போனால்…” என்று எங்கள் சித்தப்பா ஏதோ சொல்வார். மீதி மறந்துவிட்டது. கதை மறக்கவில்லை.

சீமையில் ஒரு ராஜா. அவர் தமிழ் பேசினாரா என்று கேட்காதீர்கள். கதையில் எந்த ராஜாவும் தமிழ்தான் பேசுவார். அந்த வருஷம் எண்ணெய்க் கப்பல் வரும் கால்வாய் அடைபட்டு, பெட்ரோலுக்கு ஏகத் தட்டுப்பாடு. ராஜாவின் காரோ ரயில் மாதிரி நீளம். தோட்டத்தை ஒரு சுற்று வருவதற்குள் டாங்க் காலி.

சபையிலேயே கெட்டிக்காரனான வில்பிரட்டைக் கூப்பிட்டார். “ஒரே மாதத்தில், பத்தடி நீளத்தில் ஒரு கார் செய். நான், ராணி, மந்திரி, நீ, நாலு பேரும் கால் நீட்டி உட்காரணும்.”

“நான் தொப்பியோடு!” என்றார் மந்திரி பெர்சிவல். ஆறரை அடி ஆள். தொப்பி தனியாக ஒரு முழம். வில்பிரட்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

“மகாராஜா, எஞ்சினே பாதி வண்டியை அடைச்சுக்குமே!” என்றான் வில்பிரட்.

“எஞ்சினைக் குறுக்கு! முடியாவிட்டால் உன்னைக் குறுக்குவேன். மேலிருந்து ஒரு தலை அளவு.”

வில்பிரட் தட்டிப் பார்த்தான், அமுக்கிப் பார்த்தான். எஞ்சின் ஒரு விரற்கடைகூடக் குறுகவில்லை. கழுத்தைத் தடவிக்கொண்டே வீட்டுக்குப் போனான். அங்கே மச்சினி, பிள்ளைகள் பட்டாளத்தோடு வந்து இறங்கியிருந்தாள். இருப்பதோ ஒரே கட்டில்.

“நேரா படுத்தா மூணு பேருக்குத்தான் இடம்,” என்று அதட்டிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி மேபல். “எல்லாரும் குறுக்கே படுங்க! டேய் குண்டா, நீ கட்டிலுக்கு அடியில போ!”

வில்பிரட் சாப்பிடக்கூட இல்லை. பட்டறைக்கு ஓடினான்.

கெடு நாளில் கார் வந்து நின்றது, தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தாற்போல. சபை சிரித்தது. நாலு பேரும் ஏறினார்கள். மந்திரியின் தொப்பியும் ஏறியது. கதவும் மூடிக்கொண்டது.

“இன்னொரு ஆள் உட்காரலாம் போலிருக்கே!” என்றாள் ராணி.

மந்திரி இறங்கி, முன்மூடியைத் திறந்தார். “மோசடி! எஞ்சின் துளிகூடக் குறையலை. குறுக்கே படுத்திருக்கு! கியர் பெட்டி அதுக்கு அடியில! இதெல்லாம் குறுக்குப் புத்தி, மகாராஜா!”

ராஜாவின் முகம் சிவந்தது. “ஏண்டா, நான் என்ன சொன்னேன்?”

“‘குறுக்கு’ன்னீங்க. நேரா இருந்ததைக் குறுக்கா வச்சேன். ‘சின்னதாக்கு’ன்னு சொல்லியிருந்தா இந்நேரம் என் தலை போயிருக்கும்.”

கார் குலுங்கக் குலுங்கச் சிரித்தார் ராஜா.

மந்திரி விடவில்லை. “குறுக்குவேன்னு சொல்லிட்டு யாரையும் குறுக்காம விட்டா, ராஜ வார்த்தை என்னாவது?”

“அதுவும் சரிதான்,” என்றார் ராஜா.

மந்திரியைத் தொப்பியோடு பின்சீட்டில் குறுக்கே படுக்கவைத்து, வீடுவரை கொண்டுபோய் விடும்படி உத்தரவிட்டார்.