நினைவுத்தூண் ரோஜா

"வரிசையாச் சொல்றேன், கேளு," என்றார் இன்னாசி.

நாட்டில் நீதி தவறலாம், வரிசை தவறக் கூடாது என்பது அவர் கொள்கை. தோல் தொழிலாளர் சங்கத்துக்கு முப்பது வருடம் செயலாளராக இருந்தவர்.

"முதல் அநியாயம், நம்ம நினைவுத்தூணை ரோட்டுக்கு இடைஞ்சல்னு ஓரமாத் தள்ளி வச்சது. ரெண்டாவது, நம்ம பயலுகளே அதுல தேர்தல் போஸ்டர் ஒட்டினது. மூணாவது, கருங்காலி சந்தியாகு இந்த வருஷம் செத்ததும் அவன் மக வந்து, நினைவுநாள்ல எங்கப்பா பேரையும் வாசிங்கன்னு கேட்டது. நாலாவது, இது."

ஒரு ரோஸ் நிறப் பூவைச் சாக்கின் மேல் போட்டார்.

வியாகுலமேரி நிமிர்ந்து பார்த்தாள். ரோஜா நாற்றுப்பண்ணை வைத்திருப்பவள். அவர் வயதில் பாதி. எந்த மேடையிலும் எவரையும் குருவென்று ஒப்பாத இன்னாசி, செடி விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கட்டுப்பட்ட மாணவர்.

"நல்லாத்தானே இருக்கு தலைவரே."

"நல்லா இருந்து என்ன செய்ய? பதினோரு வருஷம் தூணடியில சிவப்பாப் பூத்த செடி. ஞாயித்துக்கிழமை நினைவுநாள். எவனோ செடியை மாத்திட்டான்."

"சந்தியாகு மககிட்ட என்ன சொன்னீங்க?"

"நாக்கு அழுகினாலும் அந்தப் பேரை வாசிக்கமாட்டேன்னேன்."

அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

தூணடியில் குத்தவைத்து, விரலால் மண்ணை விலக்கினாள். தண்டில் ஒரு முண்டு தெரிந்தது. ஒட்டுக் கட்டிய இடம்.

முண்டுக்கு மேலே கறுத்துக் காய்ந்த குச்சி. முண்டுக்குக் கீழேயிருந்து ஒரு பச்சைக் கிளை கிளம்பி, இடுப்பளவு வளர்ந்து பூத்திருந்தது.

"யாரும் மாத்தலை. சிவப்பு செத்துப்போச்சு. இது, சிவப்பை ஒட்டுக் கட்டியிருந்த அடிக்கட்டை. பன்னீர் ரோஜா."

"அடியில வர்றதைத் தினமும் கிள்ளினேனே? நீதானே கிள்ளச் சொன்னே?"

"சொன்னேன்."

"பதினோரு வருஷம் கிள்ளியிருக்கேன்."

"இது எப்படித் தப்பிச்சது?"

இன்னாசி யோசித்தார். "கண் ஆபரேஷனுக்கு மதுரையில ரெண்டு மாசம் கிடந்தேன். நேத்துத்தான் வந்தேன்."

"அப்பத்தான்."

"அதுக்கு முந்தி இது எங்கே இருந்தது?"

"இங்கேயேதான். வேர் இதோடது. சிவப்புக்கும் சேர்த்து இதுதான் தண்ணி குடிச்சது."

இன்னாசி குனிந்து அந்த முண்டைத் தொட்டுப் பார்த்தார்.

அவள் கத்தரியை நீட்டினாள். "வெட்டிருங்க. புதுச் சிவப்பு ஒண்ணு தர்றேன்."

வாங்கினார். கிளையில் வைத்தார்.

"புதுசை எதுமேல கட்டியிருக்கே?"

"பன்னீர்க் கட்டை மேலதான். என்கிட்ட எல்லாமே அப்படித்தான்."

கத்தரி அப்படியே நின்றது. வியாகுலமேரி நகத்திலிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தோரு நாள் ஸ்டிரைக்கு," என்றார் இன்னாசி. "சங்கத்துலதான் கஞ்சி காய்ச்சினோம். கடைசிப் பத்து நாள் அரிசி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டியா?"

"கேக்கலியே."

"யாருமே கேக்கலை. எனக்குத் தெரியும்."

அவள் நகத்தைச் சுரண்டுவதை நிறுத்தினாள்.

"சந்தியாகு ஸ்டிரைக்கை மீறிக் கம்பெனி உள்ளே போய் வேலை பார்த்தான். அந்தக் கூலியில அரிசி வாங்கி, பின்வாசல்ல இறக்கிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டே போவான். அவனைக் கருங்காலின்னு சொல்லி மேடையில நீக்கினேன் பாரு, அன்னைக்கும் என் வயித்துல அவன் கஞ்சி."

"அவருக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியும்னு?"

"ரெண்டு பேரும் கண்ணுக்கு நேரே பார்த்திருக்கோம். ஒரு தடவை."

அவள் கையை நீட்டிக் கத்தரியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். வந்த வழியே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எண்பது பேர் கூடினார்கள். இறந்த தோழர்களின் பெயர்களை, இறந்த வரிசைப்படி இன்னாசி வாசித்தார். இருபத்தாறு பெயர்.

முடிந்ததென்று கூட்டம் கோஷத்துக்குக் கையைத் தூக்கியது.

"கையை இறக்குங்க. முடியலை."

"இந்த வருஷம் நம்மாளு யாரும் சாகலையே தலைவரே!" என்று யாரோ சிரித்தார்.

இன்னாசி தாளைத் திருப்பினார். மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"தோழர் சந்தியாகு," என்று வாசித்தார்.