உறக்கம் கேட்டு வந்தவர்

குலசேகரம் பக்கத்தில் சுயம்பு ஆசானின் சிலம்பக் களரியில் தாசையன் என்றொரு சீடர் இருந்தார். ஆசானுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து நான்கு. நரைத்த தலை ஓர் இளவட்டத்தைக் கும்பிடுவதைப் பார்த்து ஊரில் சிரித்தார்கள். உறக்கம் வராத மனிதருக்கு ஊர் சிரிப்பதா பெரிது?

தாசையன் இருபத்தாறு வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் முந்நூறு மரம், மேடும் பள்ளமுமாக நடை. படுத்தால் அடித்துப் போட்டதுபோல் உறங்குவார். பிறகு ஒரு வேன் வாங்கிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கத் தொடங்கினார். உட்கார்ந்த வேலை, சொகுசுதான். ஆனால் நான்கே வருடத்தில் உறக்கம் போயிற்று. கூடவே நல்ல குணமும் போயிற்று. மனைவி குடிக்கத் தண்ணீர் நீட்டினாலும் வள்ளென்று விழுந்தார்.

ஆசானுக்கு வர்மம் தெரியும் என்று கேள்விப்பட்டுத்தான் முதலில் வந்தார்.

"எங்கயாவது ஒரு தட்டு தட்டி என்னை ஒறங்க வச்சிருங்க ஆசானே."

"காலையில அஞ்சு மணிக்கு வாங்க அண்ணாச்சி" என்றார் ஆசான்.

மறுநாள் தாசையன் போனார். ஆசான் தட்டவில்லை. கம்பையும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு சிலம்பத்தின் கால்சுவடுகளை வைக்கச் சொன்னார். முன்னே, பின்னே, குனிந்து, திரும்பி, வேர்த்து ஊற்றும்வரை. தினமும் அதேதான். இருபதாம் நாள் மனைவி உலுக்கி எழுப்ப வேண்டியதாயிற்று. அன்று வேனில் பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டுக்கூடப் பாடினார். சரி, உடம்பு நேராகிவிட்டது, இனி எதற்கு இந்தக் கூத்து என்று களரிக்குப் போவதை நிறுத்தினார். காய்ச்சல் விட்டதும் மாத்திரையைத் தூக்கிப் போடுகிற ஆள் அவர்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வேன் களரி வாசலில் வந்து நின்றது. இறங்கிய தாசையனின் கண்கள் சிவந்து கிடந்தன.

"வெள்ளிக்கிழமை சானல் கரையில ஒரு நொடி கண்ணு அசந்துட்டு ஆசானே. உள்ள பதினேழு பிள்ளைய. ஒரு சக்கரம் கரைய விட்டுத் தண்ணிப் பக்கமா எறங்கி..."

"வேற யாருக்குத் தெரியும்?"

"பிள்ளைய ஏதோ பள்ளத்துல குலுங்கிச்சுன்னு நெனச்சுது. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

ஆசான் கையை நீட்டினார். "சாவியத் தாங்க. இன்னைக்கு நீங்க வண்டி ஓட்டாண்டாம்."

சாவியைக் கொடுத்த கையோடு தாசையனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிள்ளைய ஜங்ஷன்ல காத்து நிக்கும். இந்த மாசம் ஏற்கனவே ரெண்டு நாள் லீவு போட்டாச்சு. இன்னும் ஒரு நாள் வரலேன்னா வேற வண்டி பாத்துக்கிடுவோம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாவ. எனக்கு வேற பிழைப்பு இல்ல. ஒரே ஒரு தட்டு தட்டுங்க, நான் போயிருதேன்."

"நேத்து ஒறங்கினியளா?"

தாசையன் ஆசானின் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"ஒறங்கினேன்."

"நல்லா?"

"நல்லா ஒறங்கினேன்."

பச்சைப் பொய். மூன்று ராத்திரியாகச் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக் கிடந்தவர் அவர். தன் மகன் வயதுகூட இல்லாதவன் தன்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறானே என்று உள்ளுக்குள் எரிந்தது.

ஆசான் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "அபிஷா!" என்று கூப்பிட்டார்.

ஆறு வயது மகள் புத்தகப் பையோடு ஓடி வந்தாள். அவளைத் தினமும் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டு விடுவது ஆசான்தான். அன்று அவளைத் தூக்கி வேனின் முன் சீட்டில் உட்கார வைத்தார். கதவைச் சாத்தினார்.

"இன்னைக்கு இவளும் உங்ககூட வாறா."

தாசையன் ஏறி உட்கார்ந்தார். சாவியைச் செருகினார். பக்கத்தில் அபிஷா கால் ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, சானல் வழியாவா போவோம்?"

அவர் சாவியைத் திருப்பவில்லை. ஜன்னல் வழியே ஆசானைப் பார்த்தார். ஆசானின் கை கதவுப் பிடியை இன்னும் விடவில்லை.

தாசையன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

"நான் ஒறங்கல ஆசானே. மூணு ராத்திரியா ஒறங்கல. பொய் சொன்னேன்."

சொல்லும்போதே அழுதுவிட்டார். ஆசான் மகளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

தாசையனே போனை எடுத்தார். வில்சன் என்ற இன்னொரு வேன்காரரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை ஏற்றச் சொன்னார். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பேசினார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். இப்போதைக்கு வில்சன் ஓட்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அப்புறத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். களரி மண்ணில் இறங்கி முதல் சுவட்டை வைத்தார். கால் தடுமாறியது. மறுபடி வைத்தார். மூச்சு வாங்கியது. வேர்வை முதுகில் வழிகிற நேரத்தில் நின்று கேட்டார்.

"நான் திரும்ப எப்போ வண்டி எடுக்கலாம் ஆசானே?"

"இவள உங்க பக்கத்துல உக்கார வச்சிட்டு, நான் திரும்பிப் பாக்காம உள்ள போயி சாயா குடிக்கணும். அன்னைக்கு எடுங்க."

"அன்னைக்கோட இந்தச் சுவடு வைக்கிற வேல முடிஞ்சிரும், இல்லியா?"

"அன்னைக்கும் காலையில அஞ்சு மணிக்கு வாங்க" என்றார் ஆசான். "வண்டிய அதுக்குப் பொறவு எடுங்க."