கால் படாத பாலம்

மொச்சைக்குளத்து ஆட்கள் சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் இருக்கும் ஒரே கோளாறு அதுதான்.

ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். பேச்சிமுத்துவின் மனைவி சிட்டம்மாவுக்கு நிறைமாதம். வலி கண்டால் முழங்கால் தண்ணீரில் அவளை நடத்திக் கூட்டிப்போக முடியுமா? ஆட்டோ வாசலுக்கு வந்தாக வேண்டும். அதனால் பேச்சிமுத்துவும் கூட்டாளிகள் சடையாண்டியும் மாயழகும் கான்கிரீட் பாலம் போடத் துணிந்தார்கள்.

ஆரோக்கியம் கொத்தனார் வந்து பலகை அடித்தார், கம்பி கட்டினார்.

"ஒரு சிமெண்ட், ரெண்டு மணல், நாலு ஜல்லி. அளவு தப்பாம எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் ஒரு மூட்டை சிமெண்ட். அதன் மேல் நான்கு ஜல்லிக்கல். பக்கத்தில் வாழையிலையில் இரண்டு மணல்.

"ஜல்லி சுலபமாக் கிடைச்சிடுச்சு கொத்தனாரே" என்றான் சடையாண்டி, வியர்வையைத் துடைத்தபடி. "ஒரே அளவுல ரெண்டு மணலைப் பொறுக்குறதுக்குள்ளதான் கண்ணு பூத்துப்போச்சு."

கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு, சட்டி சட்டியாக அளந்து, தானே கலந்து பாலத்தைப் போட்டு முடித்தார். கிளம்பும்போது சொன்னார்: "காலையும் சாயங்காலமும் தண்ணி காட்டுங்க. தண்ணி குடிச்சாத்தான் கான்கிரீட் இறுகும். பதினஞ்சு நாளைக்கு ஒருத்தர் காலும் மேல படக்கூடாது."

மறுநாள் மாயழகு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து பாலத்துக்குக் காட்டினான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பாலம் குடிக்கவும் இல்லை.

"ஊருக்குப் புதுசுல்ல, கூச்சப்படுது" என்றான் பேச்சிமுத்து. மூவரும் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

மத்தியான வெயிலில் பாலத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"டேய், வாயைத் திறந்துடுச்சுடா!"

குடம் குடமாக ஊற்றினார்கள். வாய் மூடவில்லை என்று தினமும் ஊற்றினார்கள். பாலத்துக்கு நல்ல காலம்.

பதினாலாம் நாள் சிட்டம்மாவுக்கு வலி எடுத்தது. ஆட்டோக்காரர், இவர்கள் தடுப்பதற்குள் பாலத்தைத் தாண்டி வாசலுக்கே வந்துவிட்டார்.

"சக்கரம்தானே பட்டுச்சு, தப்பில்ல" என்று தீர்ப்புச் சொன்னான் சடையாண்டி. "ஆனா திரும்பிப் போகும்போது? உள்ள இருக்கிறவங்க கால் கனம் பாலத்து மேலதானே இறங்கும்?"

"நியாயம்தான்" என்றான் மாயழகு.

"எனக்கு உசுரு போகுது, நீங்க நியாயம் பேசுங்க!" என்று கத்தினாள் சிட்டம்மா.

கடைசியில் சிட்டம்மா சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள். டிரைவரும் சம்மணம் போட்டு உட்கார வேண்டியதாயிற்று.

"காலை வைக்காம எப்படிய்யா பிரேக் போடுறது?"

"இழுக்கிறதும் நாங்க, நிறுத்துறதும் நாங்க" என்று மூவரும் ஆட்டோவில் கயிறு கட்டி, வாய்க்காலில் இறங்கி நடந்து, அக்கரையேறி இழுத்தார்கள். பாலம் அசையவில்லை. அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பேச்சிமுத்து சந்தோஷத்தில் அழுதேவிட்டான்.

ஐந்தாம் நாள் குழந்தையோடு திரும்பினார்கள். பாலத்தருகே கொத்தனார் சிரித்த முகமாக நின்றார். "நாள் தாண்டிடுச்சு. தாராளமா நடங்க!"

சிட்டம்மா பிள்ளையை அணைத்துக்கொண்டு பாலத்தில் நடந்து போனாள். மற்ற மூவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்கள்.

"இன்னும் ஏன்யா தண்ணிக்குள்ள?"

"புதுப் பாலம் கொத்தனாரே, புழுதிக் காலோட ஏறலாமா? கழுவிட்டு வந்துடுறோம்."

நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டே நடந்து அக்கரையில் ஏறினார்கள். பேச்சிமுத்து சுற்றிலும் பார்த்தான்.

"அட, வீட்டுப் பக்கம் வந்துட்டோமே! சரி விடுங்கடா, பாலத்துல நாளைக்கு நடந்துக்கலாம்."