முறைப் பயணம்

மலையூர் காட்டுக்கொம்பைக்கு விமானம் வந்தது. சின்ன விமானம், கோவைக்கு அரை மணி நேரம். நட்டத்தை அரசு ஈடுகட்டியது. ஒரே நிபந்தனை, மாதக் கடைசியில் பயணிகளின் எண்ணிக்கை குறித்த அளவைத் தொட வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் மானியம் நிற்கும், விமானமும் நிற்கும்.

மலையில் அத்தனை பேருக்குக் கோவையில் வேலை இல்லை. வியாபாரிகள் சங்கத் தலைவர் சௌந்தரபாண்டியன், வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல் வீட்டுக்கு வீடு முறை வைத்தார். முறை வந்தவர்கள் விமானத்தில் போய் பஸ்ஸில் திரும்பினார்கள். மாதம் முழுவதற்குமான இருக்கைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலை செபஸ்தியான் கோவை ஆஸ்பத்திரிக்குப் போக டிக்கெட் கேட்டு நடந்து வந்தார். கூரையிலிருந்து விழுந்து கழுத்தில் அடி. ஒரு கை மரத்துப்போயிருந்தது. "ஃபுல்," என்றார்கள். ஊர் வழக்கம் தெரிந்தவர், திரும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். மலைப்பாதையில் உடம்பு குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது மாதத்தின் கடைசி விமானம். ஸ்ட்ரெச்சர் மூன்று இருக்கைகளை அடைக்கும். கணக்கில் ஒரு தலைதான்.

பின்வரிசையில் பரிமளா, அவள் கணவன், மாமியார். பரிமளா இருவரையும் அழைத்துக்கொண்டு இறங்கினாள்.

"ஏறி உக்காரும்மா," என்றார் தலைவர். "ரெண்டு தலை குறைஞ்சா ப்ளேனே கிடையாது. நாளைக்கு இன்னொருத்தன் விழுந்தா என்ன செய்வே?"

"நான் போறதே திரும்பி வரத்தானே அண்ணாச்சி? அதுக்கு இங்கேயே நிக்கிறேன்."

செபஸ்தியான் படுத்தபடியே மனைவியின் கையைப் பிடித்தார். "என்னாலே ப்ளேன் நின்னுதுன்னு பேர் வேண்டாம், எஸ்தர். ஜீப்புல போவோம்."

பேச்சு நீண்டது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியது. அதற்குமேல் விமானி காத்திருக்கவில்லை. பின்வரிசை காலியாகவே போனது.

ஜீப் பாதி மலை இறங்குவதற்குள் செபஸ்தியானின் மூச்சு நின்றது. அடுத்த மாதம் விமானம் வரவில்லை.

இப்போது சொல்லுங்கள். உட்காரச் சொன்ன தலைவர், இறங்கிய பரிமளா, ஏற மறுத்த செபஸ்தியான். மூவரில் யார் செய்தது சரி?

விடை: மூவரும் வெள்ளிக்கிழமையின் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். திங்கட்கிழமை அவருக்கு ஒரே இருக்கை போதும், உட்கார்ந்தே போயிருப்பார். ஒருவர் இறங்கி அவர் ஏறியிருந்தால் கணக்கில் எதுவும் குறைந்திருக்காது. அன்றைய விமானத்தில் போன ஒருவருக்கும் கோவையில் வேலை இல்லை. காபி குடித்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பினார்கள். எஸ்தரின் பெட்டிக்கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரேதான். அவர்கள் ஒவ்வொருவராக இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.