கீரி கொடுத்த விரல்

அந்தக் காலத்தில் தாளில் வரைந்த விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது. மை காய்ந்த மறுநிமிடமே வாயைத் திறந்துவிடும். கால் குட்டையாகிவிட்டது என்று குதிரை குறைப்படும். அலகை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொல்லிக் காக்கை நச்சரிக்கும். வரைகிறவர்களும் அவற்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் வரைவார்கள்.

அப்போதுதான் ஓடும் சித்திரப் படங்கள் புதிதாக வந்திருந்தன. ஒரே விலங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி ஆயிரக்கணக்கான தாள்களில் வரைவார்கள். அவற்றை வரிசையாகப் படம் பிடித்துத் திரையில் ஓட்டினால் அது நடக்கும், குதிக்கும், சண்டை போடும். அப்படிப் படம் எடுத்த ஒரு கூடத்தில் செங்கமலம் மை போடும் வேலை பார்த்தாள். தலைமைச் சித்திரக்காரர் வேதாசலம் பென்சிலால் வரைந்து தருவார். அந்தக் கோட்டின் மேல் அவள் மையால் இழுக்க வேண்டும்.

கூடத்தின் நாயகன் ஒரு கீரி. பெயர் வெடுக்கன். இப்போது திரையில் பார்க்கிற உருண்டை முகத்து விலங்குகளைப் போல அவன் இல்லை. கரிய மெல்லிய உடம்பு, நீண்ட மூக்கு, வாய் நிறையக் கூர்மையான பற்கள். கைக்கு ஐந்து விரல், விரலுக்கு ஒரு நகம். பாம்பை வாலில் பிடித்துச் சுழற்றி அடிப்பான். போலீஸ்காரர் தொப்பியைப் பிடுங்கிக் கிணற்றில் போடுவான். யாருக்கும் பணிய மாட்டான். முதல் படத்துக்குக் கொட்டகையே அதிர்ந்தது.

எத்தனை ஆயிரம் தாளில் இருந்தாலும் வெடுக்கன் ஒருவன்தான். ஒரு தாளில் விட்ட பேச்சை அடுத்த தாளில் தொடர்வான். செங்கமலத்தின் கணவன் மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தான். அதைப் பற்றி அவள் வாய்விட்டுச் சொன்னது வெடுக்கனிடம் மட்டும்தான்.

இரண்டாவது படத்துக்குப் பதினாலாயிரம் தாள். பாதியைத் தாண்டுவதற்குள் செங்கமலத்தின் கட்டைவிரல் மூட்டு வீங்கிவிட்டது. கோடு நடுங்கியது. வேதாசலம் நான்கைந்து தாள்களை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"மாசக் கடைசிக்குள்ள முடிஞ்சாகணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடும்மா. வேற ஆள் பார்த்துக்கறேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அவர் போன பிறகு வெடுக்கன் கேட்டான். "அக்கா, எதை வரையத்தான் உனக்கு இவ்வளவு நேரமாகுது?"

"உன் கைதான். அஞ்சு விரல், அஞ்சு நகம். ரெண்டு கைக்கும் போட்டு முடிக்கறதுக்குள்ள உசிரு போகுது."

"அப்ப கைக்கு ஒண்ணு எடுத்துடு."

"என்னடா பேசற?"

"சுண்டுவிரலை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? பாம்பைப் பிடிக்க நாலு போதும்."

"வலிக்குமேடா."

"தெரியல. இதுவரைக்கும் எங்கள்ல யாரையும் அழிச்சதில்லையே."

அவள் வீங்கிய மூட்டைத் தடவிக்கொண்டாள். பிறகு பிளேடை எடுத்துக் காய்ந்த மையைச் சுரண்டினாள். கரும்பொடி உதிர்ந்தது. வெடுக்கன் பல்லைக் கடித்துக்கொண்டான், கத்தவில்லை. அடுத்த தாளில் வரைந்தபோது அவனுக்கு நான்கே விரல். ஆனால் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து மை கசிந்து தாளைக் கறையாக்கியது. எப்படி ஒற்றியும் நிற்கவில்லை. கடைசியில் அவள் இரண்டு கைகளுக்கும் வெள்ளையாக ஒரு கையுறை வரைந்து மூடினாள்.

படம் சொன்ன நாளில் முடிந்தது. படம் பார்த்தவர்கள் ஒருவரும் குறைந்த விரலைக் கண்டுகொள்ளவில்லை. வேதாசலத்துக்கு மட்டும் தெரிந்தது. அவர் செங்கமலத்தைப் பாராட்டினார். பாராட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விரலை எடுக்கலாம்னா பல்லையும் எடுக்கலாம் இல்லையா? சின்னப் பிள்ளைங்க பயப்படுதாம். முதலாளி சொல்றார்."

செங்கமலம் பிளேடை எடுத்தபோது வெடுக்கன் நிமிர்ந்து பார்த்தான். "இதுவும் உன் கை வலிக்காகவா அக்கா?"

அவள் கை அப்போது தேறியிருந்தது. இல்லை என்று சொன்னால் அவன் வாயைத் திறக்க மாட்டான், வேலையும் போய்விடும். அவள் தாளைப் பார்த்தபடியே, "ஆமா" என்றாள்.

"அப்ப எடு."

பற்கள் போயின. அடுத்த வாரம் மூக்கு நீளம் என்றார்கள், குறைத்தாள். உடம்பை உருட்டச் சொன்னார்கள், கண்ணைப் பெரிதாக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் வெடுக்கன் அதையே கேட்டான். ஒவ்வொரு முறையும் அவள் ஆமா என்றாள். கடைசியாக வாய்க்கு வந்தார்கள். எந்நேரமும் சிரித்தபடி இருக்க வேண்டுமாம். அன்றைக்கு அவன் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் முகத்தை மட்டும் நீட்டினான். அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவனுக்கு முதலிலிருந்தே தெரியும் என்று.

பழைய வாயைச் சுரண்டிவிட்டு, பிறை போல ஒரு சிரிப்பை வரைந்தாள். மை காய்ந்தது. காத்திருந்தாள். இன்னொரு தாளில் வரைந்தாள். அதுவும் காய்ந்தது.

"வெடுக்கா."

தாளில் ஓர் உருண்டைக் கீரி வெள்ளைக் கையை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து மேசைகளில் குதிரையும் காக்கையும் மற்ற விலங்குகளும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. வாய்விட்டு ஒன்றைக் கொடுத்தவனிடம் மீதியையும் பொய் சொல்லி எடுத்துக்கொண்டார்கள் என்று அவற்றுக்குப் புரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அவை பேச்சை நிறுத்தின. மதியத்துக்குள் அந்தக் கூடத்தில் பேனா கீறும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மூன்றாவது படம் முந்தைய இரண்டையும் விட நன்றாக ஓடியது. செங்கமலமும் போய்ப் பார்த்தாள். திரையில் கீரி எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொன்னது. பாம்போடு சேர்ந்து ஆடியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். மறுநாள் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனாள். படுக்கையில் கிடக்கிறவனுக்குக் கஞ்சி வேண்டுமே.

அன்று முதல்தான் ஓடும் சித்திரங்களில் விலங்குகளுக்குக் கைக்கு நான்கே விரல், அதன்மேல் ஒரு வெள்ளைக் கையுறை. திரையில் அவை வாய் ஓயாமல் பேசுவது வேறு யாரோ கொடுக்கிற குரலில். தம்மை வரைகிற கையோடு மட்டும் அவை ஒரு வார்த்தை பேசுவதில்லை.