அணிலுக்கு வந்த சின்ன ஜோடி

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே சொல்கிறேன். கை அதன் வேலையைப் பார்க்கட்டும், நீங்கள் கதையைக் கேளுங்கள் பிள்ளைகளே.

ஒரு காட்டில் மழை பிடிக்கப்போகும் நேரம். இலுப்பை மரப் பொந்தில் ஓர் அணில் குட்டிகளோடு இருந்தது. ஒரு கரடி வந்து, குட்டிகளை வெளியே தள்ளிவிட்டுத் தன் தேனடையை அதில் வைத்துக்கொண்டது.

"பொந்து வேணுமா? சீட்டாடி ஜெயிச்சுக்கோ!" என்றது.

பக்கத்துக் குளத்து ஆமை வந்து சீட்டுப் போட்டது. ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். பிறகு நடுவில் ஐந்து சீட்டு, அது எல்லாருக்கும் பொது. ஒரே எண் இரண்டு சேர்ந்தால் ஜோடி. மூன்று சேர்ந்தால் அதைவிடப் பலம். பந்தயம் புளியங்கொட்டை; ஒருவர் போட்ட அளவு மற்றவரும் போட வேண்டும், முடியாவிட்டால் சீட்டை வீசிவிட்டு, போட்டதை இழக்க வேண்டும். எல்லாக் கொட்டையும் யாரிடம் சேருகிறதோ, பொந்து அவருக்கு.

கரடி உறுமி உறுமியே ஆடியது. கொஞ்ச நேரத்தில் அணிலிடமும், கூட ஆடிய முள்ளம்பன்றியிடமும் ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

முள்ளம்பன்றிக்கு ஆசை அதிகம். சின்ன எண்ணில் ஜோடி வந்தால் கொஞ்சம் கொட்டை போடும். மூன்றாவது விழுமா என்று பார்க்கும். விழாது. சீட்டை வீசிவிட்டு, அடுத்த ஆட்டத்தில் மறுபடி போடும். அதன் கைப்பிடி அப்படியே கரைந்துகொண்டிருந்தது.

அணிலுக்குக் கையில் இரண்டு நாலு வந்து ஜோடி சேர்ந்தது.

"கொஞ்சமா போட்டுப் பாரு தங்கச்சி. மூணாவது நாலு வந்தாலும் வரும்," என்றது முள்ளம்பன்றி.

"பார்த்துக்கிட்டே இருக்க எங்கிட்ட கொட்டை ஏதுண்ணே?" அணில் இருந்ததை எல்லாம் நடுவில் தள்ளியது.

"போடி சுண்டைக்கா!" என்று கரடியும் அதே அளவு கொட்டையை ஈடாக வைத்தது. கரடிக்கு எதுவும் சேரவில்லை. அணிலின் ஜோடியே ஜெயித்தது.

இன்னும் சில தடவை அணில் சின்ன ஜோடியோடு அப்படித் தள்ளி ஜெயித்தது. முள்ளம்பன்றி வெறுங்கையோடு ஒதுங்கியது. கரடிக்கும் அணிலுக்கும் குவியல் சமமானது.

தூறல் விழுந்தது. குட்டிகள் நனைந்து கத்தின.

அப்போது அணிலுக்குக் கையில் இரண்டு மூணு வந்து ஜோடி சேர்ந்தது. கரடி பத்துக் கொட்டை போட்டது.

"தள்ளேன்டி எல்லாத்தையும்! பயமா?"

அணில் பத்தே கொட்டை போட்டது.

கரடிக்குக் குஷி. 'சின்ன ஜோடி வந்தால் முழுசாகத் தள்ளுவாளே! இப்போது கையில் ஒன்றுமே இல்லை.' கரடியிடம் இருந்ததோ ராஜா ஜோடி.

நடுவில் ஒரு மூணு விழுந்தது. கரடி அதைச் சட்டை செய்யாமல் குவியல் முழுவதையும் தள்ளியது.

"இப்ப என்ன பண்ணுவே?"

"நானும் தள்ளுறேண்ணே."

மூன்று மூணு! மீதிச் சீட்டில் ராஜா விழவே இல்லை.

"அப்பல்லாம் தள்ளினியே, இப்ப ஏன்டி சும்மா இருந்தே?" என்று கரடி கத்தியது.

"அப்ப ஒரு கைப்பிடிதான் இருந்தது. காத்திருந்தா கரைஞ்சிருக்கும். இப்ப ரெண்டு பேருகிட்டயும் குவியல். மூணாவது வரலைன்னா பத்தோட போச்சு. வந்தா உங்க குவியலே எனக்கு!"

கரடி தேனடையைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தது. "அம்மா ஜெயிச்சாச்சு!" என்று குட்டிகள் பொந்துக்குள் குதித்தன.

நீதி: சின்னதை வைத்துக்கொண்டு காத்திருக்க, கையில் நிறைய இருக்க வேண்டும், கொஞ்சம்தான் இருந்தால் துணிந்து முழுசாக இறங்கு, இல்லையென்றால் பேசாமல் சீட்டை வீசி... இதோ புளியோட வரேங்க அத்தை!