சிரிப்பு வராத மிமிக்ரி

இனியனின் தொண்டைக்குள் ஒரு ஊரே குடியிருந்தது. பி.டி. வாத்தியாரின் அதட்டல், கெமிஸ்ட்ரி மிஸ்ஸின் தும்மல், ஸ்கூல் வேன் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம், எதைக் கேட்டாலும் மறு நிமிஷம் அவன் வாயில் வந்துவிடும். அதைப் பட்டை தீட்டியவர் மிமிக்ரி வனஜா. மேடைகளில் பேர் வாங்கியவர். பாலக்கரையில் ஒரு சவுண்டு சர்வீஸ் கடைக்கு மேலே வகுப்பு நடத்தினார்.

ஒரு நாள் இனியன் முகம் தொங்கிப்போய் வகுப்புக்கு வந்தான்.

"நாளைக்கு ஸ்கூல்ல ஃபேர்வெல் விழாக்கா. கிளாஸ்ல இருக்கிற எல்லாரையும் மிமிக்ரி செய்யணுமாம். ஜோயலை மட்டும் என்னால முடியலை."

"குரல் சிக்கலையா?"

"அதெல்லாம் சிக்கிடுச்சு. அவனை வச்சு மத்தவங்களைச் சிரிக்க வைக்க மனசு வரலை." தரையைப் பார்த்தான். "எனக்கு அவனைப் பிடிக்கும். மத்த பசங்க பொண்ணுங்களைச் சொல்வாங்களே, அந்த மாதிரி. அவன்கிட்ட சொல்லி, அவன் பேசாமப் போயிட்டான்னா?"

வனஜா எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். ஒரு குரலை ஒழுங்காகக் கேட்க வேண்டுமென்றால் அவர் செய்வது அது.

"செஞ்சு காட்டு."

இனியன் ஜோயலானான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் பக்கத்தில் இருப்பவனுக்கு நீட்டினான். கணக்கு தப்பாகிப் புருவத்தைச் சொறிந்துகொண்டு, "இருடா, இன்னொரு தடவை போடுவோம்," என்றான். கோபம் வந்தபோது அவன் குரல் ஏறவில்லை, இறங்கியது.

வனஜா சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இல்லையாக்கா?"

"மிமிக்ரின்னா என்னன்னு சொல்லிக் குடுத்தேன்?"

"ஒரு கோணலைப் பிடி. அதைப் பெருசாக்கு."

"இதுல எதைடா பெருசாக்கினே?"

யோசித்தான். "எதையுமே இல்லை."

"அப்ப மேடைக்கு ஆகாது. அவன்கிட்டயே போய்ச் செய்."

"அவன்கிட்டயா?" என்று பி.டி. வாத்தியார் குரலில் கேட்டான். பயந்தால் அவனுக்கு அந்தக் குரல்தான் வரும்.

வனஜா மின்விசிறியைப் போட்டார். வகுப்பு முடிந்தது.

விழாவுக்கு மறுநாள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான்.

"மேடையில அவனை விட்டுட்டேன்க்கா. அப்புறமா சைக்கிள் ஸ்டாண்டுல அவனுக்கு மட்டும் செஞ்சேன். முழுசாப் பார்த்தான். 'நான் உன்னைச் செய்யவா'ன்னு கேட்டான். அவனுக்கு மிமிக்ரி சுத்தமா வராது."

"என்ன செஞ்சான்?"

"அவன் திரும்பினா நான் சட்டுன்னு போர்டைப் பார்ப்பேன்ல, அதை. அவன் அந்தப் பக்கம் திரும்பினதும் மறுபடி அவனையே பார்ப்பேன்ல, அதை. இத்தனை நாளா எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கான்க்கா. அப்புறம் பேசாமப் போகலை. வீடு வரைக்கும் கூடவே வந்தான்."

"அவன் செஞ்சப்போ நீ சிரிச்சியா?"

வாய் நிறையக் குரல் வைத்திருந்தவன், இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினான்.

"அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கான்," என்றார் வனஜா.